காதும் நானும் எடுத்த முதல் கான்ட்ராக்ட்

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் ஓடிய மோட்டார்களில் காதுக்குப் பயப்படாத மோட்டார் ஒன்றுகூடக் கிடையாது.

காது என்பது ஆளின் பேர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள்; எங்கள் திருவொற்றியூர் கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. ஃபிட்டர் வேலை. முழ நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மெஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். அரை நிமிஷம்தான். "உள்ள பேரிங்கு அழுவுது. வெள்ளிக்கெழம தாண்டாது" என்பார். தாண்டாது. தப்பித்தவறி சனிக்கிழமையும் ஓடிவிட்டால், மெஷின் வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்துவதாக நினைத்து, அந்தப் பக்கமே திரும்பமாட்டார்.

மெஷினோடு விட்டாரா? ஒருநாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வருகிறோம். தேரடியில் எழுந்து நேராக டிரைவரிடம் போனார்.

"நைனா, கியர்பாக்ஸு பேஜாரா கீது. டோல்கேட் போய்ச் சேராது."

"யோவ், எறங்குறதுன்னா எறங்கு. சாவுகிராக்கி!"

இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸே சிரித்தது. டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் எல்லோரும் மூச்சு வாங்க பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தபோது காது எங்களைக் கடந்து போனார். திரும்பிப் பார்த்து ஒரு நக்கல் சிரிப்பு சிரித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

என் வீட்டுக்கு ஒரு தடவை சாப்பிட வந்தார். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைக் கண்டதும் சாப்பாடு மறந்துபோய், அதன்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு ஆட்டுதான் தங்கச்சி" என்றார். மூன்றாவது தடவை கிரைண்டர் அசையவில்லை. "நல்லா ஓடினு இருந்தத வாய வெச்சே கெடுத்துட்டாரு அந்தாளு" என்று என் மனைவி தெருவெல்லாம் சொன்னாள்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம் கம்பெனி எங்களை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு கவர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. ஒரு கவரில் இருந்த பேரை ஆபீசர் மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. எவனோ ஒருத்தன் "காது!" என்று கத்தியதும்தான் மனுஷன் போய் வாங்கினார். சொந்தப் பேர் அவருக்கே மறந்துவிட்டிருந்தது.

நான் அங்கே பராமரிப்புப் பிரிவில் கிளார்க். மெஷினைப் பிரித்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் டைப் அடிப்பது என் வேலை. ஒவ்வொரு காரியமும் முடிந்த பிறகு பட்டியலில் டிக் போட வேண்டும் என்பது சட்டம். காலையில் வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்துவிடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஃபிட்டர்கள் எப்படியும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள், அப்புறம் என்ன? பத்தொன்பது வருஷம் ஒரு குறையும் வரவில்லை.

மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த மச்சான், என்னைவிடப் பத்து வயசு சின்னவன், "சும்மாதான கீற மாமா, வந்து கடைல குந்து" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அவன் கடையில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அவனைக் கேட்டுத்தான் நான் டீ குடிக்கப் போக முடியும்.

அப்போதுதான் தண்டையார்பேட்டை டீக்கடையில் காது என்னைப் பிடித்தார். "நைனா, ரெண்டு பேரும் சேந்து கான்ட்ராக்ட் எடுப்போம். காயிதம் உன்து, காது என்து."

லெட்டர்பேடு அடித்துக்கொண்டு கேட் கேட்டாக அலைந்தோம். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கடைசியில் வெள்ளோட்டமாக ஒரு வேலை கொடுத்தது. காற்றடிக்கிற பெரிய ப்ளோயர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் பேரிங் மாற்றி, மூன்று மணிக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக முடித்தால் வருஷம் பூராவும் எங்களுக்கு வேலை. சொதப்பினால் கேட்டில் பேரை எழுதி வைத்துவிடுவார்கள். அப்புறம் உள்ளே கால் வைக்க முடியாது. "இதுவும் ஊத்திக்கிச்சின்னா திங்கக்கெழம நீ தம்பி கடைக்குப் போற, சொல்ட்டேன்" என்றாள் மனைவி.

காலையில் காது பழக்க தோஷத்தில் பெரிய கேட்டுக்குப் போய் நின்றார். வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தான். "கான்ட்ராக்ட்டா? அந்தாண்ட சின்ன கேட்டு கீது, அதுல போ." அவர் முகம் சுருங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். குனிந்து சின்ன கேட்டில் நுழைந்தார்.

உள்ளே போனதும் நான் செய்த முதல் காரியம், பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டது. கை தானாகப் போட்டது ஐயா.

பேரிங்கை இறுக்கிப் பிடிக்க ஒரு நட்டு. நட்டு தளராமல் இருக்க ஒரு வாஷர். அந்த வாஷரின் ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை நட்டின் பள்ளத்துக்குள் அடித்து மடிக்க வேண்டும். ஒரு தட்டு தட்டினால் போதும். முதல் பக்கத்தைக் காதே மடித்தார். இரண்டாவது பக்கம் நட்டை இறுக்கிவிட்டு, "நாக்க மட்ச்சி மூடியப் போடு நைனா, நா பெல்ட்டப் பாக்குறேன்" என்று சுத்தியலை என்னிடம் கொடுத்துப் போனார்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் கூப்பிட்டார். சின்ன வயசு, பெரிய அவசரம். "மூணு மணி ஞாபகம் இருக்குல்ல?" இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

"மட்ச்சாச்சா?" என்று காது அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

பட்டியலைப் பார்த்தேன். டிக் இருந்தது.

"ஆச்சி மாமு!" மூடியைப் போட்டேன்.

இரண்டரைக்கு ப்ளோயரை ஓட்டினார்கள். எஞ்சினியர் அதிர்வு காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்து, "நார்மல்" என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. காது முதல் பக்கம் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தலையாட்டினார். இரண்டாவது பக்கம் வைத்தார். எடுத்தார். மறு காதை மாற்றி வைத்தார்.

"சார், நிறுத்து."

"என்னய்யா நிறுத்தறது? மீட்டர் ஓகே காட்டுது. மூணு மணிக்கு லைன் ஸ்டார்ட் ஆகணும்."

"மீட்டருக்கு லேட்டாத்தான் தெரியும் சார். நிறுத்து."

நான் அவர் கையைப் பிடித்தேன். "மாமு, உன் கால்ல உழுறேன், கம்முனு இரு. இன்னிக்கி ஒரு நாளு."

என்னைப் பார்த்தார். கையை உதறிவிட்டுப் போய்ச் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டார்.

கான்ட்ராக்ட் ஆள் சுவிட்சைத் தொடவே கூடாது. ப்ளோயர் ஊளையிட்டு அடங்கியது. எஞ்சினியர் முகம் அந்தப் பட்டன் நிறத்துக்கு வந்துவிட்டது. "செக்யூரிட்டி! ரெண்டு பேரையும் வெளிய தள்ளு!" என் கண்ணுக்கு முன்னால் மச்சான் கடை அலுமினியக் குண்டான்கள் வரிசையாக வந்து நின்றன.

"அஞ்சி நிமிசம் குடு சார்" என்றார் காது. "தொறந்து காட்றேன். ஒண்ணும் இல்லன்னா கேட்டுல பேர எழுதிடு, நாங்களே போய்டறோம்."

செக்யூரிட்டி எங்கள் தலைக்குமேல் நிற்க, மூடியைக் கழற்றினார். நட்டு ஒரு சுற்று தளர்ந்திருந்தது. வாஷரின் நாக்கு மடியாமல் நீட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் ஷாஃப்ட்டே போயிருக்கும்.

எஞ்சினியர் குனிந்து பார்த்தார். "யாரு மடிக்காம விட்டது?"

டிக் போட்ட பட்டியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நான்தான் சார்" என்றார் காது. "மறந்துட்டேன்."

இருபது வருஷத்தில் அந்த மனுஷன் வேலையில் ஒரு தப்பு கண்டுபிடித்தவன் கிடையாது. எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். "வேலைய முடிச்சிட்டுப் போங்க. கான்ட்ராக்ட் வேணும்னா உங்களுக்குத் தரேன். இந்தாளு மட்டும் இனிமே உள்ள வரக்கூடாது."

கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காது அதற்குள் எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்து நட்டை இறுக்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்க்க முடியவில்லை.

"சார், அவரில்ல. நான்தான் மடிக்கல. மடிக்காமலே டிக் போட்டேன். காலைல வந்ததுமே எல்லாத்துக்கும் போட்டுட்டேன்."

எஞ்சினியர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப யார் பேரைத்தான் கேட்டுல எழுதறது?"

"ரெண்டு பேரையும் எழுது" என்றார் காது, தலையைத் தூக்காமல். "இல்லாங்காட்டி ரெண்டு பேரையும் உள்ள வுடு."

அப்புறம் எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம்தான் இருக்கு, முடிங்கய்யா ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று ஐந்துக்கு ப்ளோயர் ஓடியது. மறு வாரம் வருஷக் கான்ட்ராக்ட் வந்தது.

அன்றைக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் காது எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான்தான் கேட்டேன். "ஏன் மாமு உன் தலைல போட்டுக்கினே?"

"எனுக்கு இன்னா நைனா, எங்கன்னா பொயச்சிப்பேன். உனுக்கு மச்சான் கடய வுட்டா வேற இன்னா கீது" என்றார். பிறகு உண்மையிலேயே கோபம் வந்தது. "அத்தப் போய் ஒளறிக் கெடுத்தியே, அறிவு கீதா உனுக்கு?"

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். வாஷர் மடிக்கிற வேலையை ஒவ்வொரு தடவையும் என்னிடமே கொடுத்தார். மடிச்சியா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.