பாலவாக்கம் போகாத ஆயில்

இனிமேல் தன் ஞாயிற்றுக்கிழமைகள் தனக்கே சொந்தம் என்று ஆழ்வார்பேட்டை கணேசமூர்த்தி முடிவெடுத்துவிட்டார். முடிவெடுப்பதில் அவர் சூரர். அதை மனைவி சந்திரிகாவிடம் சொல்வதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

ஞாயிறு என்றால் பாலவாக்கம். அங்கேதான் சந்திரிகாவின் அக்கா வீடு. மீன் குழம்பு பிரமாதமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் குழம்போடு சகலை அசோகனும் இருப்பார். மொட்டைமாடியில் சோலார் போட்ட கதையை அவர் ஆரம்பித்தால் சூரியன் மறைந்த பிறகும் முடிக்கமாட்டார். கணேசமூர்த்தி வாழ்க்கையில் கேட்டதெல்லாம் ஒரு மத்தியானத் தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து அது மட்டும் கிடைக்கவில்லை.

கார் சர்வீஸுக்கு நாள் நெருங்கியபோதுதான் யோசனை உதித்தது. நான் வரமாட்டேன் என்றால் வீடு ரெண்டாகும். கார் வரக்கூடாது என்றால்?

உடனே ஆராய்ச்சியில் இறங்கினார். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி தீர்வதற்குள் தலையாட்டிய மனிதர், எஞ்சின் ஆயிலைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் இருப்பதிலேயே விலை உசத்தியான சிந்தெடிக் ஆயிலை வாங்கி ஊற்றவைத்து, வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து, அளவு பார்க்கும் குச்சியை உருவி மனைவி முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கலரைப் பாத்தியா? தங்கம் மாதிரி! வருஷத்துக்கு ஒருதரம் மாத்தினாப் போதும்."

"நான் அப்பளம் பொரிச்ச எண்ணெயை மறுநாள் எடுத்தா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறீங்க. உங்க காருக்கு மட்டும் வருஷம் பூரா ஒரே எண்ணெயா?"

"இது சிந்தெடிக், சந்திரி."

"சரி, மாத்தணும்னு எப்படித் தெரியும்?"

"கறுத்துப்போயிடும். கறுத்துட்டா உழைச்சு ஓய்ஞ்சுபோச்சுன்னு அர்த்தம். தயவுதாட்சண்யமே பாக்காம மாத்திடணும்." இங்கே ஒரு பெருமூச்சு விட்டார். "ஈ.சி.ஆர்ல வாராவாரம் ஓட்டினா சீக்கிரமே கறுத்துடுமாம். பாலவாக்கத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லதுன்னு யூடியூப்ல ஒரு எக்ஸ்பர்ட்டே சொல்றாரு."

"பாலவாக்கம்னு பேர் சொல்லியா சொன்னாரு?"

"பொதுவா சொன்னாரு. வீடியோ அனுப்பறேன், நீயே பாரு."

நம்மவர் சறுக்கிய இடம் இதுதான். 'நீங்கள் ஓட்டுகிற விதம்தான் ஆயிலின் ஆயுளைக் குறைக்கிறது' என்று அந்த நிபுணர் மேசையைத் தட்டியதும், பரவசமாகி வீடியோவை அங்கேயே நிறுத்திவிட்டார். எதையும் முழுசாகப் பார்த்துவிட்டு அனுப்புகிற வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. வந்ததை முழுசாகப் பார்க்கிற வழக்கம் சந்திரிகா குடும்பத்தில் உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

"தி.நகர்ல. உனக்குத் தெரியாதா?"

"இங்க இருக்கற தி.நகர். எஞ்சின் நல்லா சூடாகறதுக்குள்ள போய் நிறுத்திடறீங்க. அப்படி தினமும் குட்டிக் குட்டியா ஓட்டினா உள்ள ஈரம் தங்கி ஆயில்ல கலந்துடுமாம். அதுதான் ஆயிலுக்கு எமனாம். வாரத்துக்கு ஒருதடவையாவது நீளமா ஓட்டி ஈரத்தை விரட்டணுமாம்."

"எவன் சொன்னான்?"

"நீங்க அனுப்பின எக்ஸ்பர்ட்தான். பின்பாதில."

கணேசமூர்த்தி காபியை அப்படியே விழுங்கினார். நாக்கு வெந்தது.

"அதனால என்ன? ஆறு மாசத்துலயே மாத்திட்டாப் போச்சு."

"தங்கம் மாதிரி ஆயிலையா? உங்களுக்கு மனசு வருமா?"

வரவில்லைதான். கொடுத்த விலை அவருக்கல்லவா தெரியும்! திங்கள் முதல் ஆபீசுக்கு பஸ் என்றானது. ஞாயிறு தவறாமல் பாலவாக்கம். பாலவாக்கம் வரை ஓட்டினால் ஈரம் முழுசாகப் போகுமா என்று சந்திரிகா கவலைப்பட்டதால், சாப்பிட்ட கையோடு அக்காவையும் அசோகனையும் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம். அசோகனுக்கு முன் சீட்டு. சோலார் கதையை அவர் போகும்போது பாதி, வரும்போது மீதி என்று சாவகாசமாகச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்கவா முடியும்? கணேசமூர்த்தி மனசுக்குள் அழுதார்.

கோடை முடிகிற சமயம், சந்திரிகா தானே பானெட்டைத் திறந்து குச்சியை உருவிப் பார்த்தாள். ஆயில் அவ்வளவாக நிறம் மாறவில்லை. அந்த நேரம் பார்த்து, பஸ் ஸ்டாப் வெயிலில் வெந்து, சட்டை நனைந்து, கணேசமூர்த்தி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். சந்திரிகா குச்சியைப் பார்த்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஆயில் அப்படியே இருக்குங்க. நீங்கதான் கறுத்துப்போயிட்டீங்க. மாத்திடலாமா?"