ராஜம் ஆன்டிக்குச் சாமி வந்த வெள்ளிக்கிழமை

கடவுள் மேல் எனக்குப் பக்தி உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். பயம் உண்டா என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, எங்கள் ஊர் கிள்ளானில் அத்தை மேல் திருவிழாதோறும் அம்மன் இறங்குவாள். இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, நான் யாருக்கும் தெரியாமல் செய்த தப்புகளை ஊர் கேட்கச் சொல்லுவாள். (அதெல்லாம் அத்தைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கும் அளவுக்கு அப்போது எனக்கு மூளை வளரவில்லை. பிறகும் பெரிதாக வளரவில்லை என்பதற்குத்தான் இந்தக் கதை.)

எண்பதுகளின் நடுவில், பிசியோதெரபி படித்து முடித்த கையோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சிகிச்சை அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வெளியே போயிருந்தார். அறையில் இரண்டே நோயாளிகள். ஒருவர் முனியாண்டி அண்ணன், போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். முதுகு வலிக்காக அவரை இடுப்பு இழுக்கும் கட்டிலில் பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். கட்டில் கம்பியில் அவருடைய டீ, பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழாயோடு தொங்கியது. இன்னொருவர் ராஜம் ஆன்டி. இடது தோள் இறுகிப்போய், தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியாதவர்.

சர்க்கரை நோயாளிகளுக்கு (எங்கள் ஊரில் அதை 'இனிப்பு நீர்' என்பார்கள்) தோள் இப்படி இறுகுவது சகஜம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். ஆன்டி உள்ளே வரும்போதே சொன்னார்: "இன்னிக்கு விரதம்மா, ஒண்ணும் சாப்பிடல. ஆனா இனிப்பு நீர் மாத்திரைய மட்டும் மறக்காம போட்டுட்டேன்."

"நல்லது ஆன்டி" என்றேன். (இந்த 'நல்லது'க்காக என்னை அந்த மாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்கலாம்.)

நாற்காலியில் உட்கார்ந்து, கப்பியில் கயிற்றைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கும் பயிற்சி. "இன்னும் கொஞ்சம் ஆன்டி, இன்னும் கொஞ்சம்" என்று நானும் விடாமல் உற்சாகப்படுத்தினேன். திடீரென்று கயிறு நின்றது. ஆன்டியின் கைகள் நடுங்கின. கண்கள் என்னைத் தாண்டி எங்கோ நிலைகுத்தின. வார்த்தைக்கு வார்த்தை 'வாம்மா, போம்மா' என்று பேசுகிறவர், பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருடி நீ?" என்றார்.

வெள்ளிக்கிழமை, விரதம், நடுக்கம், 'டி'. அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வருடக்கணக்கில் படித்த படிப்பு மாடிப்படி இறங்கிப் போய்விட்டது. வெள்ளைக் கோட்டோடு மண்டி போட்டுக் கைகூப்பினேன்.

"தாயே, யாரு வந்திருக்கீங்க?"

முனியாண்டி அண்ணன் கட்டிலிலிருந்து தலையை மட்டும் தூக்கினார். "சாமியா? என்னை அவுத்து விடு தங்கச்சி, கும்பிடணும்." நான் அசையவில்லை என்றதும், "சரி, நாலு நம்பராவது கேளு லா" என்றார். (எங்கள் பக்கம் பேச்சை 'லா' போடாமல் முடிப்பதும், சாமி வந்தால் லாட்டரி நம்பர் கேட்காமல் அனுப்புவதும் வழக்கமில்லை.)

நான் நம்பர் கேட்கவில்லை. அதைவிட மோசம். அத்தை மாதிரி இவரும் என் தப்புகளை எடுத்துவிடுவதற்குள் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்று, "தாயே, எனக்குக் கல்யாணம் எப்ப ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

"பசிக்குதுடி" என்றார் ஆன்டி.

"சாமி கோழி கேக்கும் போல" என்றார் அண்ணன் கவலையோடு.

கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து ஆன்டியின் நெற்றியில் பூசினேன். பூசிய வேகத்தில் குழம்பாகி மூக்கில் வழிந்தது. நெற்றி முழுக்க வியர்வை. தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. அத்தை சாமியாடினால் உடம்பு கொதிக்குமே என்று நினைத்த அந்த நிமிடத்தில்தான், போன படிப்பு மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. குளிர்ந்த வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம், காரணமில்லாத கோபம். வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்கு மேல் என் உடற்பயிற்சி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் மயக்கம், வலிப்பு, கடைசியில் உயிரே போகலாம். ஆன்டியின் தலை மெதுவாகச் சாயத் தொடங்கியது.

அம்மனுக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. இவர் சாகப்போகிறார், என் கையால் சாகப்போகிறார் என்ற பயம்தான் பயம். ஆன்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டில்வரை தவழ்ந்தே போய் டீப் பையைப் பிடுங்கினேன்.

"அண்ணே, இதுல சீனி இருக்கா?"

"நிறைய இருக்கு. ஆனா நான் வாய் வச்சிட்டேன் தங்கச்சி. சாமிக்கு எச்சில் ஆகாது லா."

"சாமி இல்லண்ணே. ஆன்டிக்குச் சீனி இறங்கிடுச்சு."

ஆன்டியை நிமிர்த்தி உட்கார வைத்து, குழாயை வாயில் வைத்தேன். "உறிஞ்சுங்க ஆன்டி, விழுங்குங்க." முதல் வாய் புடவையில் வழிந்தது. அடுத்தது தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று தனக்குத் தெரிந்த எல்லாச் சாமி பெயரையும் கட்டிலில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். ஆன்டியின் நடுக்கம் மெதுவாகக் குறைந்தது.

பை காலியாகிக் கொஞ்ச நேரம் கழித்து, ஆன்டியின் கண்கள் என் முகத்துக்கு வந்து சேர்ந்தன. "ஏம்மா அழுற?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆன்டியின் டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார். முதலாளியம்மா திட்டிய திட்டை இங்கே அச்சிட முடியாது. அவர் என்னை வேலையை விட்டுத் தூக்காததற்கு ஆன்டிதான் காரணம். அந்தப் பெண் இல்லாவிட்டால் நானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்காமல் நான் யார் தோளையும் தொட்டதில்லை.

அம்மன் பதில் சொல்லாவிட்டாலும் அடுத்த வருடமே எனக்குக் கல்யாணம் நடந்தது. ஆன்டி மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிற நேரம், ஆன்டியின் நெற்றி மினுமினுப்பதைப் பார்த்தேன். கை வேறு நடுங்குகிற மாதிரி இருந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. கெட்டிமேளத்துக்கு நடுவே மணவறையில் எழுந்து நின்று, "ஆன்டி, சாப்பிட்டீங்களா?" என்று கத்தினேன். மேளம் நின்றது. மண்டபமே என்னைப் பார்த்தது.

ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "காலைப் பந்தியில முதல் ஆளே நான்தாம்மா. நீ உட்காரு" என்றார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. "தாலி கட்டுறப்ப பொண்ணு வெக்கப்பட்டு நம்ம முகத்தைப் பார்க்கும்னு நினைச்சேன். இவ யாருக்கு வேர்க்குதுன்னு பார்த்துக்கிட்டிருந்தா."