நாராவில் போன நோட்டு

வேட்டி நுனி மானின் வாயில் இருந்தது. இழுத்தால் கிழியும், விட்டால் மானம் போகும். ஜப்பானில் நாரா பூங்காவின் நடுவே, கோயிலுக்குப் போகிற வழியில், சுருளிவேல் அசையாமல் நின்றார்.

ஜப்பான் முறை நெல் சாகுபடியைக் கற்றுவரச் சொல்லி, தாடிக்கொம்பு விவசாயியான அவரை சர்க்கார் அனுப்பியிருந்தது. மூன்று மாதம் கற்றதெல்லாம் தோள்பையிலிருந்த நோட்டில் இருந்தது. மறுநாள் கப்பல்.

"தலை குனிஞ்சு பாருங்க. இங்க மானெல்லாம் மரியாதை தெரிஞ்சதுங்க," என்றார் கூட வந்த ஒட்டன்சத்திரம் தங்கமுத்து.

சுருளிவேல் குனிந்தார். மான் வேட்டியை விட்டுவிட்டுப் பதிலுக்குக் குனிந்தது. பின்னாலேயே இன்னும் நான்கு வந்து குனிந்தன.

"இப்ப என்னய்யா செய்ய?"

"பிஸ்கோத்து கேக்குதுங்க. வாங்கிப் போட்டாப் போயிருமுங்க."

ஒரு கட்டு வாங்கினார். இருபது மான்கள் சூழ்ந்தன. கையைத் தூக்கினால் முதுகில் முட்டின. பயந்துபோய் மிச்சத்தைப் பைக்குள் ஒளித்தார்.

ஒரு மான் பல்லால் இழுக்க, பை கீழே விழுந்தது. அவர் பாய்ந்து எடுப்பதற்குள் பிஸ்கோத்தும் இல்லை, நோட்டும் இல்லை. தாளையெல்லாம் மான்கள் தின்றிருந்தன; அட்டை மட்டும் மிஞ்சியது.

கோயில் படியில் உட்கார்ந்தார். ஊரில் பயிரில் ஆடு வாய்வைத்தால் கல் பறக்கும். இங்கே யாரும் கை ஓங்கவில்லை. மனிதனைக் கண்டு பயப்படாத காட்டு மிருகத்தை அவர் அன்றுதான் பார்த்தார். அதன்மேல் கோபமும் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் மனைவி ஒச்சம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"கயிறு புடிச்சு நடணும், அது ஞாபகம் இருக்கு. எம்புட்டுத் தள்ளி, எத்தன நாத்து, எப்பத் தண்ணி வடிக்கணும், ஒண்ணும் நெனப்புல இல்ல. நாளைக்கு அதிகாரி வாராரு."

"நான் சொல்றேன், எழுதிக்கிருங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இருவது வருசமா நடுறது யாரு? இம்புட்டு நாளா நீங்க கேக்கல."

பென்சிலைச் சீவிக்கொண்டு வரப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த வருடம் அதன்படியே நட்டதில் விளைச்சல் ஒன்றரை மடங்கு. வயலில் அதிகாரிகள் 'ஜப்பான் முறை' என்று பலகை நட்டார்கள். யாராவது பாராட்டினால் சுருளிவேல் தரையைப் பார்த்தார். மறுவருடம் ஜப்பானிலிருந்தே ஒரு நிபுணர் வந்து இறங்கினார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். நாற்றுக்கு நாற்று அளந்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி குனிந்து அளந்தார்.

சுருளிவேலால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"இது ஜப்பான் முறை இல்லீங்கய்யா. எம் பொண்டாட்டி சொல்லச் சொல்ல எழுதுனது."

மொழிபெயர்க்க வந்த அருள்நாதன் அதைச் சொன்னார். நிபுணர் கேட்டுக்கொண்டு ஏதோ சொல்ல, அருள்நாதன் ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார்.

"இது அவங்க முறை இல்லன்னு பயிரப் பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சிருச்சாம், அம்மா. அங்க இவ்வளவு நல்லா வரலையாம். ஒங்ககிட்டப் படிக்க ஜப்பான்லருந்து நாலு பேர அனுப்பலாமான்னு கேக்குறாரு."