கடைசி பெஞ்சில் ஒரு கொட்டாவி

கடைசி பெஞ்சிலிருந்து கிளம்பிய முதல் கொட்டாவியிலேயே லார்டு பாடத்தைப் பாதியில் நிறுத்தினார்.

லார்டு என்பது மாணவர்கள் வைத்த பெயர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்தாயிற்று. பயிற்சி மையத்திலிருந்து ஒருவர் வகுப்பைக் கலைக்காமல் வந்து உட்கார்ந்து, பாடத்தைப் பார்த்து, 'தேறினார்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

வந்துவிட்டார். நரைத்த மீசை, மடியில் கறுப்புப் பை. கண்கள்தான் பாதி மூடியிருந்தன.

தூங்குகிற மனிதர் எதைப் பார்த்து 'தேறினார்' என்பார்? லார்டு பயிற்சியில் கற்ற முதல் வித்தையை எடுத்தார். மாணவர்களை ஜோடி ஜோடியாக ஆங்கிலத்தில் பேசவிட்டார். வகுப்பு முழுக்க எழுந்த கிசுகிசுப்பு மதிய வெயிலில் தேன்கூடு போல ரீங்கரித்தது. பெரியவரின் தலை தோளில் சாய்ந்தது.

"போதும், நிறுத்துங்க! எல்லாரும் கண்ணை மூடுங்க. ஒரு ஆத்தங்கரையில உக்காந்திருக்கீங்க. பாக்குறதை இங்கிலீஷ்ல சொல்லணும்."

"கண்ணை மூடிட்டு எப்படி சார் பாக்குறது?"

"மனசால பாருடா."

"அங்க எல்லாம் தமிழ்லதான் சார் ஓடுது."

"ஓடட்டும். நீ மூடு."

மின்விசிறி சுற்றியது. திரைச்சீலை பாய்மரம் போல உப்பியது. வகுப்பறை மெல்லக் கரையை விட்டு நகர்ந்தது. பெஞ்சுகள் தோணிகளாகி ஒவ்வொன்றாக மிதந்து போயின. எங்கோ ஒரு குறட்டை மட்டும் துடுப்புப் போட்டது. கரும்பலகையில் சாய்ந்திருந்த லார்டை நோக்கி நிரந்தர நாற்காலி ஒன்று நீந்தி வந்தது. தொடப் போகும்போது கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைய, லார்டு கண் விழித்தார்.

விழித்திருந்தது முதல் பெஞ்சுப் பெண் மட்டும்தான். ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முகம் புதிது.

"போன வாரம் ஏம்மா வரல?"

"வேற காலேஜுக்குப் போயிருந்தேன் சார்."

"நல்லா ஊர் சுத்து. சரி, எனக்கு ஒரு உதவி பண்ணு. பின்னாடி இருக்காரே, அவர்தான் என்னை எடைபோட வந்தவரு. அவர் முழிச்சதும் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேளு."

"என்ன கேள்வி சார்?"

"எதையாவது கேளு. பதில் எனக்குத் தெரிஞ்சதா இருக்கணும், அவ்வளவுதான்."

"மத்தவங்க எல்லாம் தூங்குறாங்களே?"

"தூக்கம்னு ஏன் சொல்ற? ஆழ்ந்த கற்றல்னு சொல்லிக்கலாம். அவரும்தானே தூங்குறாரு, வெளிய மூச்சு விட மாட்டாரு."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். லார்டுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. தான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுக்கும் பிள்ளையை அவர் இதுவரை கண்டதில்லை.

மணி அடித்தது. தோணிகள் தடதடவென்று கரை ஒதுங்கின. அவள் எழுந்து நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்ப் பெரியவரின் தோளைத் தட்டினாள். லார்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கேள்விக்குக் காத்திருந்தார்.

"அப்பா, எந்திரிங்க. சாரை மதிப்பிட்டு முடிச்சிட்டேன், போலாம்."