பஞ்சாபகேசன் வாங்கிய முட்டை

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தபோது முட்டை இல்லை. முட்டை ஓடு இருந்தது. மற்றதெல்லாம் மத்தியானம் மோர் சாதம் இருந்த இடத்தில் பரவிக் கிடந்தது.

பஞ்சாபகேசன் நடைமேடைப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெங்காயத்தையே யோசித்து வாங்குகிற வீட்டில் பிறந்தவர். நாற்பத்திரண்டு வயது வரை முட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆபீஸுக்கு எதிரே இருந்த இரானி ஓட்டலில் அந்த ஒரு முட்டையை வாங்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"ஆம்லெட்? ஹாஃப் ஃப்ரை?" என்று கேட்டார் இரானி.

"கச்சா."

இரானி அவருடைய நெற்றி விபூதியை நிதானமாகப் பார்த்தார். "கச்சா காயேகா?" பச்சையாகவா சாப்பிடப்போகிறார் என்று அவருக்குச் சந்தேகம்.

"நை, நை. சயின்ஸ்."

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்டதுதான். மகள் சந்திரலேகாவின் பள்ளியில் சனிக்கிழமை விஞ்ஞானக் கண்காட்சி. நல்ல தண்ணீரில் முழுகும் முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்று டீச்சருக்குப் படம் போட்டு விளக்கியவர் அவர். வீட்டுக்குத் திரும்பிச் சமையலறையைப் பார்த்தபோதுதான் அதற்கு ஒரு முட்டை வேண்டும் என்பது உறைத்தது. உருளைக்கிழங்கும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதற்குள் சைக்ளோஸ்டைல் செய்த அழைப்பிதழ் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது: 'எட்டாம் மேஜை, மிதக்கும் முட்டை.'

லேகா போன வருஷம் டைபாய்டில் மூன்று மாதம் படுத்துக் கிடந்தவள். பள்ளிக்குத் திரும்பிய பிறகும் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கண்காட்சிக்குத்தான் முதன்முதலாக, "நான் செய்யறேன் டீச்சர்" என்று கையைத் தூக்கினாள். இது சொதப்பினால் அந்தக் கை இன்னொரு தடவை மேலே வராது என்று அவருக்குப் பயம்.

ஸ்டேஷன் குழாயில் டப்பாவை மூன்று தடவை தேய்த்துக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"டப்பாவை யார் அலம்பினா?" என்றாள் மனைவி செண்பகவல்லி.

"நான்தான்."

"பன்னெண்டு வருஷமா இல்லாத வழக்கமா இருக்கே."

"சும்மா. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

செண்பகவல்லி டப்பாவை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் புளித்தண்ணீர் ஊற்றி ஊற வைத்தாள். அன்று இரவு முழுவதும் அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து நாற்காலி நம்பிராஜனிடம் விஷயத்தைச் சொன்னார். நம்பிராஜன் தாராவிக்காரர், வீட்டில் முட்டை புழங்குகிறவர்.

"இம்புட்டுதானா? நாளைக்குக் காலையில பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டாறேன். உடையாமக் கொண்டாந்து சேக்கது என் பொறுப்பு சாமி."

மிச்சம் இருந்தது உப்பு. கேட்டால் எதற்கு என்பாள். சனிக்கிழமை காலை செண்பகவல்லி குளிக்கப் போன நேரம் பார்த்து, உப்பு ஜாடியையே பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். "ஒரே கூட்டமா இருக்கும், நீ வராதே" என்று குளியலறைக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு லேகாவுடன் படி இறங்கினார்.

பள்ளி வாசலில் நம்பிராஜன் கைக்குட்டையை அவிழ்த்தார்.

"இனிமே கீழே போட்டாக்கூடப் பயமில்ல. வீட்டுல அவிச்சே குடுத்துட்டா."

வெந்த முட்டை மிதக்குமா என்று பஞ்சாபகேசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லேகா முட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், எட்டாம் மேஜைமேல் வைத்துப் பம்பரம்போலச் சுற்றிவிட்டாள்.

"ஆமாம்பா, வெந்ததுதான். ஆடாமச் சுத்தறது பாருங்கோ. பச்சை முட்டைன்னா உள்ள இருக்கறது தளும்பும். தள்ளாடும்."

அத்தனை கலக்கத்திலும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இதை எந்தப் புஸ்தகத்துல படிச்சே?"

லேகா பதில் சொல்லாமல் உப்பைக் கரைக்க ஆரம்பித்தாள்.

யோசித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. வேகவைத்தால் முட்டை உள்ளே இறுகும். எடை அப்படியொன்றும் மாறாது, உருவமும் மாறாது. முதலில் நல்ல தண்ணீர் இருந்த கண்ணாடி ஜாடியில் போட்டார்கள். அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டார்கள். ஒரு முறை அமிழ்ந்து, மெல்ல மேலே வந்து, மண்டையைக் காட்டிக்கொண்டு நின்றது.

அப்போது கூடத்து வாசலில் செண்பகவல்லி தெரிந்தாள்.

"ஏன்னா, உப்பு ஜாடி எங்கே? கொதிக்கற சாம்பாரை இறக்கி, ஸ்டவ்வை அணைச்சுட்டு வரேன். உப்பைப் போய்ப் பக்கத்தாத்துல கடன் கேக்க முடியுமா?"

பஞ்சாபகேசன் சட்டென்று முட்டை மிதந்த ஜாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நகருங்கோப்பா, மறைக்கறேள்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் லேகா.

செண்பகவல்லி பார்த்துவிட்டாள். "அது என்னது?"

"அதுவா? பீங்கான். பீங்கான்ல செஞ்ச முட்டை."

"பீங்கான் மிதக்காதேப்பா" என்றாள் லேகா. அதற்குள் பத்து இருபது பேர் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவள் ஜாடியை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உப்பு கரைஞ்ச தண்ணிக்குக் கனம் ஜாஸ்தி. இந்த முட்டை எத்தனை இடம் அடைக்கறதோ, அத்தனை உப்புத் தண்ணியை எடுத்து நிறுத்துப் பாருங்கோ. முட்டையைவிட அதுதான் கனமா இருக்கும். அதனால முட்டையைத் தூக்கிப் பிடிக்கறது. வெறும் தண்ணி அந்த அளவுக்கு முட்டையைவிட லேசு. அதால தூக்க முடியலே. முட்டை முழுகிடறது."

அவள் குரல் கூடத்தின் கோடிச் சுவர் வரை கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லி ஒருவர் கேட்க, கேட்டு முடிப்பதற்குள் லேகா முட்டையைக் கையில் எடுத்துவிட்டாள்.

பஞ்சாபகேசன் திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி புடைவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அவரால் பொய்யைச் சுமக்க முடியவில்லை.

"செண்பகம், அது பீங்கான் இல்லே. நெஜ முட்டை. உனக்குத் தெரியாம நான்தான் ஏற்பாடு பண்ணினேன். மடி ஆசாரம்னு நீ இவ்வளவு பார்க்கறச்சே, தப்புதான்."

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள்.

"கொழந்தை என்னமா நின்னு பேசறா பாரு" என்று அவளைச் சமாதானப்படுத்தினார். "எழுந்து நிக்கத் தெம்பில்லாம இருந்தவ. சத்துள்ளதா ஏதாவது குடுங்கோன்னு டாக்டர் சொன்னார். நீயும் விடாம கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தே. எல்லாம் உன் கஞ்சி பண்ணின வேலைதான்."

செண்பகவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பள்ளிக்கூட ஆயா ஆறுமுகத்தாய் கையைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமி, தெனமும் போல பாப்பாவுக்கு முட்டை அவிச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு அய்யா கொண்டாந்ததையும் சேத்து உரிச்சுக் குடுத்துரட்டுமா?"