வவுனியாவில் நான் நிறுத்திய மின்விசிறி

1979 மார்ச் 14, புதன்கிழமை.
காலை 6.40: மாங்குளத்தில் ரயில் ஏறினேன்.
9.50: வவுனியாவில், கொழும்பு முகாமைத்துவக் கல்லூரியொன்றின் நேர்முகத் தேர்வுக்கு உள்ளே அழைக்கப்பட்டேன்.
9.58: மின்விசிறி நின்றது.
10.20: வெளியே அனுப்பப்பட்டேன். மின்விசிறி ஓடவில்லை.

எனது நாட்குறிப்பில் உள்ளது இவ்வளவே. ஒரேயொரு திருத்தம் தேவை: மின்விசிறி தானாக நிற்கவில்லை, நான் நிறுத்தினேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மாங்குளத்தில் ஒரு நெல் ஆலையின் இயந்திரப் பொறுப்பாளன். இயந்திரங்களை ஆள்பவனுக்கு மனிதரை ஆள்வது எம்மாத்திரம் என்பது எனது உறுதியான கொள்கை. (கொள்கை எண்டும் சொல்லலாம், தலைக்கனம் எண்டும் சொல்லலாம்.) முதலாளி உடையார்கட்டில் இரண்டாவது ஆலை கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்தால் அதன் முகாமையாளர் பதவி எனக்கு என்று வாக்களித்திருந்தார்.

தலைமைத்துவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு எழுதும்படி விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். ஆலையில் நான் வகுத்த விதியை எழுதினேன்: பிழையான சத்தத்தை முதலில் கேட்பவர் கையை உயர்த்திவிட்டு, எவரிடமும் அனுமதி கேளாமல் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அதை நான்கு முறை திருத்தியவள் என் மனைவி பரமேஸ்வரி, பள்ளிக்கூட ஆசிரியை. நான் மூன்று வரைபடங்கள் சேர்த்திருந்தேன்; அவள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

ரயில் நிலையத்தில், என் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை அவள் உருவியெடுத்தாள்.

"இஞ்சருங்கோ, இது என்னத்துக்கு?"

"சும்மா கிடக்கட்டும்."

"உங்கடை கையிலை அது சும்மா கிடக்குமே? கேள்வியைக் கேளுங்கோ, பதிலைச் சொல்லுங்கோ, கையை மடியிலை வைச்சிருங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதே!"

முகாமையாளருக்குரிய தோற்றம் வரவேண்டுமென்று என் தலையில் அவள் தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய் வவுனியா வரையில் வழிந்தது.

அறையில் இருவர் இருந்தனர்: தேர்வுக் குழுத் தலைவரும், ஒரு பெண் விரிவுரையாளரும். மேலே மின்விசிறி, மூன்று சுற்றுக்கு ஒருமுறை 'கிறீச்' என்றது. எட்டு நிமிடங்கள் பொறுத்தேன். அப்போது அந்த அம்மையார் கேட்டார்:

"தம்பி, உங்கடை விதி நல்லாயிருக்கு. ஆனால் நீங்கள் ரண்டு வருசம் கொழும்பிலை படிக்க வந்தால், நீங்கள் இல்லாத ஆலை எப்பிடி நடக்கும்?"

நான் கையை உயர்த்தினேன். விடை தெரிந்துவிட்டதென்று இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். நான் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தி, அவர்களது மேசைமேல் ஏறினேன்.

"என்ன செய்யிறீர் நீர்?" என்றார் தலைவர்.

"பெயாரிங், சேர். இப்பிடியே விட்டால் இறுகிப்போகும்."

மேசையிலிருந்த பேனாக்கத்தியால் மூடியைக் கழற்றினேன். என் தலையிலிருந்தே எண்ணெயை வழித்து உள்ளே விட்டேன். அந்தக் கணம் வரை எனக்குத் தோல்வியென்ற சிந்தனையே இல்லை. பிறகு, ஒரு வயர் என் கையோடு வந்தது.

மார்ச் மாதத்து வவுனியா வெக்கையை விவரிக்க வேண்டியதில்லை. தலைவர் எனது விண்ணப்பத்தாலேயே விசிறிக்கொண்டார். பரமேஸ்வரி நான்கு முறை திருத்திய பக்கத்துக்கு அன்று கிடைத்த ஒரே பயன் அதுதான்.

"தம்பி, கேள்வி என்னெண்டு ஞாபகம் இருக்கோ?" என்றார் அம்மையார்.

"எந்தக் கேள்வி, மிஸ்?"

மாலையில் வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பரமேஸ்வரி சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி. கேள்வி என்ன?"

ரயிலில் திரும்பும்போதுதான் அது எனக்கு நினைவுக்கு வந்திருந்தது. "நான் இல்லாத ஆலை எப்பிடி நடக்குமாம்."

"அதுக்கு என்ன பதில்?"

"நீர் திருத்தித் தந்த தாளிலை அது இல்லையே."

குசினி வாசலில் உட்கார்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

உடையார்கட்டு ஆலைக்கு முதலாளியின் மருமகன் முகாமையாளரானார். மறு ஆண்டு அதே படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வீட்டில் மட்டும் அது ஓயவில்லை. எதையாவது திருத்த நான் ஆயுதத்தோடு எழுந்தாலே, "இஞ்சருங்கோ, கேள்வி என்ன?" என்பாள். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள்.

கடந்த தை மாதம் பரமேஸ்வரி காலமானாள். செத்தவீட்டுப் பந்தலில் மினுங்கி மினுங்கி எரிந்த மின்குமிழைத் திருத்த நான் கதிரையில் ஏறியபோது, மூத்த மகள் அழுதழுதே கேட்டாள்: "அப்பா, கேள்வி என்ன?" பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்னும் செய்யாமல் கிடக்கும் வேலைகள்:

படுக்கையறை மின்விசிறிக்கு எண்ணெய் விடுதல். (அவள் சொல்லி ஒரு வருடம்.)
அவளது அலுமாரியைத் திறத்தல்.
ஒருவர் இல்லாத இடம் எப்படி நடக்கும் என்று வவுனியாவில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுதல்.