143ஆம் பக்கத்து வக்கீல்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அம்மா, அப்பா, நான், உங்கள் புத்தக அலமாரி எல்லோரும் நலம், அலமாரியில் ஒரே ஒரு புத்தகத்தைத் தவிர.

ஊருக்குக் கிளம்பும்போது, "அந்தத் துப்பறியும் நாவல் முதல் அச்சுதானான்னு சரியாக் கண்டுபிடிச்சு எழுதினா, அலமாரிச் சாவி இனிமே உன்கிட்டதான்" என்று சொன்னீர்கள். உள்ளே 'முதல் பதிப்பு' என்று போட்டிருந்ததால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் பழைய புத்தகக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "பாப்பா, அதே வருஷம் மூணு தடவை அச்சடிச்சாங்க. மூணுலயும் 'முதல் பதிப்பு'ங்கற வரிய மாத்தல. நீ 143ஆம் பக்கத்தப் பாரு. தொண்ணூறாம் பக்கத்துல செத்துப்போன வக்கீல் அங்க வந்து கதவத் திறந்தா முதல் அச்சு. குமாஸ்தா திறந்தா அப்புறம் திருத்தினது."

ஒப்பிட்டுப் பார்க்க நூலகத்திலிருந்தும் ஒரு பிரதி எடுத்து வந்தேன். அழுக்காகிவிடும் என்று அம்மா இரண்டுக்கும் பழுப்பு அட்டை போட்டுவிட்டாள். பிறகு பிரித்துப் பார்த்தால், உங்களுடையதில் வக்கீல், நூலகத்துடையதில் குமாஸ்தா! துள்ளிக் குதித்தேன். குமாஸ்தாவைத் திங்கட்கிழமையே திருப்பிக் கொடுத்தேன். நூலகர் திறந்துகூடப் பார்க்காமல் என் கார்டில் குறித்துக்கொண்டார்.

அதற்குள் அப்பாவின் கையில் வக்கீல் சிக்கிவிட்டார். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர், மருந்துச் சீட்டைக்கூடத் திருத்தாமல் கடைக்குக் கொண்டுபோக மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வந்து பார்த்தபோது வக்கீலைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'குமாஸ்தா' என்று எழுதியிருந்தார். "செத்தவன் எப்படிடி கதவத் திறப்பான்? நல்லவேளை, நான் பாத்தேன்" என்றார். நான் அழுதேன். "உங்க கை சும்மாவே இருக்காதா?" என்று அம்மா கத்தினாள். ரப்பரால் தேய்த்தேன், மை போகவில்லை. அம்மா ஈரப் பஞ்சால் துடைத்தாள், பக்கம் முழுக்க ரோஸ் நிறமானது. அப்பா பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். இப்போது அங்கே வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை, ஓர் ஓட்டைதான் இருக்கிறது. கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

சாவியைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, மாமா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள் (முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்). அம்மா தன் அன்பையும் அப்பா தன் வருத்தத்தையும் தெரிவிக்கச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட மருமகள்

பி.கு.: புத்தகத்தைக் காயவைக்க இப்போதுதான் பழுப்பு அட்டையைக் கழற்றினேன். பின்னட்டையின் உள்ளே நூலகச் சீட்டு ஒட்டியிருக்கிறது! பெயர் எழுதினால் மதிப்புக் குறையும் என்று உங்கள் புத்தகத்தில் நீங்கள் பெயரே எழுதாததால் வந்த வினை. உங்கள் புத்தகம் ஒரு கீறல்கூட இல்லாமல், குமாஸ்தாவோடு, நூலகத்தில் இருக்கிறது. நாளை காலை அப்பாவும் நானும் நூலகரைப் பார்க்கப் போகிறோம். சிவப்புப் பேனாவை அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

ஆக, நீங்கள் கேட்டபடி சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன், மாமா. உங்களுடையது முதல் அச்சு இல்லை. சாவி என்னிடம்தானே?